மதுரையில் இரண்டு நாள்: ஒரு குடும்பத்தின் பயணமும் ஊரின் கடிகாரமும்

வாரக் கடைசியில் மதுரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே பட்டியலோடுதான் வருகிறார்கள். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், காந்தி அருங்காட்சியகம், தெப்பக்குளம், திருப்பரங்குன்றம், அழகர்கோயில், முடிந்தால் கீழடி, நடுவில் ஒரு ஜிகர்தண்டா. பட்டியலைக் குறை சொல்ல முடியாது, எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் எந்த இடத்துக்கு எந்த மணிக்குப் போவது, எதைப் பார்த்த பிறகு எதைப் பார்த்தால் புரியும் என்பது அதில் இருக்காது. இரண்டே நாள் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் தர முடிந்த பெரிய உதவி அதுதான் என்று நினைக்கிறேன். யாருக்கும் தெரியாத ரகசிய இடங்கள் மதுரையில் அதிகம் கிடையாது. எல்லாம் வீதியில்தான் இருக்கின்றன. நேரம் தெரிந்து போனால் ஊர் தன்னைக் காட்டும். தெரியாமல் போனால் அடைத்த கதவுதான். இதை விளக்க, சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பத்தின் பயணத்தை முழுதாக எடுத்துக்கொள்கிறேன்.

வந்தவர்கள் நான்கு பேர். என் கல்லூரித் தோழி, அவள் கணவர், ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய மாமியார். மாமியாருக்கு மூட்டுவலி, படி ஏறுவார், மெதுவாக. வெள்ளி இரவு எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி சனி விடியலில் இறங்குவது, ஞாயிறு இரவு அதே வண்டியில் திரும்புவது என்று ஏற்பாடு. ரயில் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியை ஒட்டி ஒரு விடுதியில் அறை எடுத்திருந்தார்கள். இந்த முடிவு மிகச் சரி. சுற்றுச்சாலைப் பக்கம் வசதியான விடுதிகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் மதுரையில் பார்க்க வேண்டியதில் பாதி, பொழுது விடியும்போதும் இரவு ஒன்பதுக்கு மேலும் நடக்கிறது. அந்த நேரத்தில் நடந்தே போய் நடந்தே திரும்பக்கூடிய தூரத்தில் தங்காவிட்டால் அந்தப் பாதி போய்விடும்.

சனிக்கிழமைக்கு அவர்களே போட்ட திட்டம் இது: ரயில் களைப்பு தீர ஒன்பது வரை தூக்கம், டிபன், பத்து மணிக்கு மகால், பன்னிரண்டுக்குக் கோயில், சாப்பாடு. சென்னையில் இருந்து பார்த்தால் ஒழுங்கான திட்டம்தான். மகாலைப் பார்த்துவிட்டு, காலணியையும் செல்பேசியையும் ஒப்படைக்க வரிசையில் நின்று, கோபுர வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. காலை ஐந்து மணி வாக்கில் திறக்கும் கோயில் பன்னிரண்டரைக்கு அடைத்து, மாலை நான்குக்குத்தான் மறுபடி திறக்கும். உச்சி வெயிலில் சித்திரை வீதிக் கல்லில் வெறுங்காலோடு நிற்பது யாருக்கும் முடியாத காரியம், அந்த அம்மாவுக்குக் கேட்கவே வேண்டாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஒரு கடை நிழலில் உட்கார்ந்திருந்தார். "மீனாட்சி ஊர்ல வந்து அவள பாக்காம உக்காந்திருக்கேன் தம்பி" என்றார். தோழி பேசவே இல்லை. மகள் மட்டும் பசிக்கிறது என்றாள். சாப்பிட்டுக்கொண்டே திட்டத்தை முதலிலிருந்து போட்டோம்.

வெயில் நேரத்துக்குக் கீழடி

மதுரையில் பன்னிரண்டரையிலிருந்து நான்கு வரை என்ன செய்வது என்பதற்கு முன்பெல்லாம் 'அறையில் படுங்கள்' என்பதைத் தவிர நல்ல பதில் கிடையாது. 2023 மார்ச்சில் கீழடி அருங்காட்சியகம் திறந்த பிறகு பதில் கிடைத்துவிட்டது. நகரத்திலிருந்து தென்கிழக்கே, ராமநாதபுரம் சாலையில் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர். செட்டிநாட்டு வீட்டின் அமைப்பில் கட்டியது, முற்றமும் தாழ்வாரமும் இருப்பதால் வயதானவர்கள் உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

2014-15இல் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கிய அகழாய்வை நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்து நடத்துகிறது. இங்கே எடுத்த மாதிரி ஒன்றின் கரிமக் காலக்கணிப்பு கி.மு. 580க்குப் போகிறது. பெரியவர்கள் அந்த ஆண்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, மகள் நின்றது ஆட்டக் காய்களுக்கும் பகடைக்கும் முன்னால். சுடுமண்ணில் செய்த சின்னச் சின்னக் காய்கள். பக்கத்தில் பானை ஓடுகளில், தமிழின் பழைய எழுத்தான தமிழியில் கீறிய பெயர்கள். 'ஆதன்' என்று ஒருவர் தன் பானைக்கு அடையாளம் போட்டிருக்கிறார். ராஜா பெயர் இல்லை, கடவுள் பெயர் இல்லை, வீட்டுப் பாத்திரத்துக்கு உரிமைக்காரர் பெயர். மாமியார் அதைக் கேட்டுவிட்டு, கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டித் தந்த கதையைப் பேத்திக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நான் அதற்கு மேல் எதுவும் விளக்கவில்லை.

கீழடியை மதியத்தில் வைத்ததற்கு இன்னொரு காரணம் சாலை. ராமநாதபுரம் சாலை ஊருக்குள் நுழைவதே வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வழியாகத்தான். வெயில் தாழ்ந்த நேரத்தில் திரும்பினால் குளக்கரையில் இறங்கிக்கொள்ளலாம், தனியாக ஒரு பயணம் தேவையில்லை. 1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம். நடுவில் மைய மண்டபம், தைப்பூசத்தில் தெப்பம். மற்ற நாட்களில் மாலையானால் ஊரே வந்து சுற்றுச்சுவரில் உட்கார்ந்திருக்கும். சுண்டல், பொரி, மாங்காய் பத்தை. குளம் பல வருடம் வறண்டு கிடந்து பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடிய காலத்தைப் பார்த்தவர்களுக்கு, தண்ணீர் நிற்கும் தெப்பக்குளம் ஒவ்வொரு முறையும் சந்தோஷம்தான்.

இரவுக் கோயில்

கோயிலுக்கு ஏழரை மணிக்குப் போனோம். சனிக்கிழமை கூட்டம் இருந்தது, ஆனால் வெயில் இல்லை, கல் சூடு இல்லை, அவசரம் இல்லை. செல்பேசிகளை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருந்தேன். 2018 பிப்ரவரி 2ஆம் தேதி இரவு வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு உள்ளே செல்பேசி கொண்டுபோக அனுமதி இல்லை. அதை ஒப்படைத்துத் திரும்ப வாங்க நிற்பது பெரிய நேர விரயம்.

இந்த ஊர்க்காரர்கள் கிழக்கே அம்மன் சன்னதி வழியாக, அஷ்டசக்தி மண்டபத்தில் நுழைவார்கள். முதலில் மீனாட்சி, பிறகு சொக்கர். வெளியூர்க்காரர்கள் கோபுரத்தின் உயரத்தைப் பார்த்து எந்த வாசலில் வேண்டுமானாலும் நுழைந்துவிட்டு உள்ளே திசை தெரியாமல் சுற்றுகிறார்கள். அம்மன் பக்கம் நுழைந்தால் பாதை தானாகப் பொற்றாமரைக் குளத்துக்குக் கொண்டுவந்து விடும். அங்கே படியில் அரை மணி நேரம் உட்காருவதைத் திட்டத்தில் தனியாக எழுதியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் யாரும் உட்கார மாட்டார்கள். ஆயிரங்கால் மண்டபத்தில் தூண்கள் 985. மகள் எண்ணத் தொடங்கி, பாதியில் விட்டு, யாளியின் வாய்க்குள் இருக்கும் கல் உருண்டையில் மனம் வைத்தாள்.

சிற்பத்தைப் பேசும் வழிகாட்டிகள் பலரும் தாண்டிப் போகிற ஒன்றை அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். இந்தக் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 வரைக்கும் எல்லோரும் வர முடியாது. அன்று விடுதலைப் போராட்ட வீரர் அ. வைத்தியநாத ஐயர், ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் சிலரையும் நாடார் சமூகத்தவர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே போனவர்களில் கக்கனும் ஒருவர், பின்னாளில் தமிழ்நாட்டின் அமைச்சர். பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கிழக்குக் கோபுரத்தைச் சொல்லி இந்தத் தேதியைச் சொல்லாமல் விடுகிற எந்த வழிகாட்டியும் கோயிலைப் பாதிதான் காட்டுகிறது. "நம்ம பாட்டி பிறக்கும்போது கூடவா?" என்று கேட்டாள். பாட்டி பிறப்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு என்றேன்.

ஒன்பது மணிக்கு மேல் கூட்டம் வடிந்து, மிச்சம் இருப்பவர்கள் சுவாமி சன்னதிப் பக்கம் ஒதுங்கத் தொடங்கினார்கள். பள்ளியறைக்கு நேரம். சொக்கரின் பாதுகை பல்லக்கில் ஏறி, நாகஸ்வரமும் தவிலும் முன்னே செல்ல, அம்மன் சன்னதிக்குப் போகும். நாள் தவறாமல் ஒவ்வொரு இரவும் நடப்பது. இதற்குச் சிறப்புச் சீட்டு கிடையாது, திருவிழாத் தேதி கிடையாது, பல்லக்கின் பின்னாலேயே நடந்தால் போதும். மதுரையைப் பற்றி நான் யாருக்காவது ஒரே ஒரு வாக்கியம் சொல்ல முடியும் என்றால், 'இரவு ஒன்பதுக்குக் கோயிலில் இருங்கள்' என்றுதான் சொல்வேன். மதியம் வாசலில் நின்ற அம்மா பல்லக்குக்குப் பக்கத்திலேயே நடந்து போனார். மூட்டுவலியைப் பற்றிப் பேச்சில்லை.

இதைச் சனி இரவில் வைத்ததற்கும் கணக்கு உண்டு. ஞாயிறு இரவு ரயிலுக்குப் போகும் நேரமும் பள்ளியறை நேரமும் ஒன்றோடொன்று மோதும். இரண்டு நாள் பயணத்தில் பள்ளியறைக்கு இருப்பது ஒரே ஓர் இரவு.

பிறகு இட்லி. பத்தரைக்கு மதுரையில் சூடாக இட்லியும் நான்கு வகைச் சட்னியும் கிடைப்பது அதிசயம் இல்லை, வழக்கம்.

சமணமலை விடியல்

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடி. சமணமலை அடிவாரத்தில் தாமரைக் குளம், அய்யனார் கோயில், பெரிய ஆலமரங்கள். மாமியார் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது, ஏறியே தீர வேண்டும் என்று யாரையும் வற்புறுத்தக் கூடாது. மற்ற மூவரும் பாறையில் வெட்டிய படிகளில் ஏறிப் பேச்சிப்பள்ளம் போனோம். ஒரு சுனை, அதை ஒட்டிய பாறை முகத்தில் வரிசையாகச் சமண குருமார்களான தீர்த்தங்கரர்கள், சமணத் துறவி பாகுபலி, கீழே பழைய தமிழ் எழுத்தான வட்டெழுத்தில் செய்வித்தவர் பெயர்கள். கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டு. குறண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளியின் மாணாக்கர்கள் இந்தக் கல்வெட்டுகளில் வருகிறார்கள். மலையின் இன்னொரு பக்கத்துச் செட்டிப்புடவில், குகைக்கு வெளியே பெரிய தீர்த்தங்கரர் உருவம், உள்ளே சிங்கத்தின் மேலிருந்து யானையை எதிர்க்கும் இயக்கி என்ற சமணப் பெண் தெய்வம்.

மதுரையைச் சுற்றிய மலைகளில் சமணத் தடங்கள் இருப்பது ஆய்வாளர்களுக்கு எப்போதோ தெரியும். மாங்குளத்தில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்லும் தமிழிக் கல்வெட்டை ராபர்ட் சுவெல் 1882இலேயே கண்டார். ஆனால் சாதாரண ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு ஞாயிற்றுக்கிழமை மலைக்குப் போய்க் கல்வெட்டு வாசிப்பது அண்மைக் காலத்துப் பழக்கம். எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் ஒருங்கிணைக்கும் 'பசுமைநடை' இதில் செய்த வேலை பெரியது. கிரானைட்டுக்காக மலைகள் உடைபட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவர்கள் நடக்கத் தொடங்கினார்கள். விடியலில் கூடுவது, ஓர் இடத்துக்கு மட்டும் போவது, தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் கல்லின் முன்னாலேயே நின்று விளக்குவதைக் கேட்பது.

ஒரு காலைக்கு ஓர் இடம் என்ற அந்த முறையைத்தான் இந்தக் குடும்பத்துக்கும் பின்பற்றினேன். ஏறும்போதே தோழியின் கணவர் "அடுத்து எங்க?" என்று கேட்டார். அடுத்து எதுவும் இல்லை, ஒன்பது வரை இங்கேதான் என்றேன். முதலில் அவருக்குப் பொறுக்கவில்லை. சுனைக்கரையில் உட்கார்ந்து வட்டெழுத்தில் 'ய', 'ர' எங்கே என்று மகளோடு தேடத் தொடங்கிய பிறகு இறங்க மனமில்லாதவர் அவர்தான்.

வீதிகளே அருங்காட்சியகம்

மதியம் சிம்மக்கல் பக்கம் கறிதோசை. தோசை, அதன்மேல் முட்டை, அதன்மேல் மட்டன் சுக்கா. மாமியாருக்குச் சைவச் சாப்பாடு. வெயில் நேரத்துக்கு அறையில் தூக்கம். முந்தைய நாள் கீழடி, இன்று ஓய்வு. மூத்தவர்களும் பிள்ளைகளும் இருக்கும் குழுவில் இரண்டு நாளும் மதியத்தை நிரப்பினால் மாலை கெட்டுவிடும்.

நான்கு மணிக்குத் தொடங்கிய நடைதான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. மதுரையின் வீதிகள் கோயிலைச் சுற்றி அடுக்கடுக்காக ஓடுகின்றன. மதிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை, பிறகு ஆவணி மூலம், மாசி, கடைசியில் வெளி வீதி. வெளி வீதிக்கு அந்தப் பக்கம் ஒரு காலத்தில் ஊரே இல்லை, கோட்டையும் அகழியும்தான். 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க வைத்தார். அந்த வேலையில் இருந்த மாரட், பெருமாள் மேஸ்திரி இருவர் பெயரிலும் வீதிகள் இன்றும் இருக்கின்றன. தாங்கள் தங்கியிருந்த தெருவின் பெயர் ஒரு மேஸ்திரியுடையது என்பது அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. பெரியார் பேருந்து நிலையத்தின் அருகே கோட்டையின் ஒரு துண்டு எஞ்சியிருக்கிறது. பிளாக்பர்ன் நினைவாக ஊர்க்காரர்கள் நிறுத்திய விளக்குதான் விளக்குத்தூண்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம், நாயக்கர் கட்டிய வசந்த மண்டபம். பல தலைமுறையாகத் தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் அந்தத் தூண்களுக்கு நடுவில்தான் இருந்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவர்களைப் பக்கத்துக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றினார்கள். சிற்பங்களுக்கு அது நல்லது, அதில் சந்தேகமில்லை. என்றாலும் தையல் மெஷின் சத்தம் இல்லாத புது மண்டபத்தைக் கடக்கும்போது எனக்கு இன்னும் ஏதோ குறைகிறது. வருகிறவர்கள் இரண்டு இடத்துக்கும் போக வேண்டும் என்பேன். கோலப் புத்தகமும் அம்மன் பாவாடையும் வாங்கச் சத்திரத்துக்கு, பிறகு கொஞ்சம் கிழக்கே நடந்து எழுகடல் தெருவில் கட்டி முடிக்காத ராய கோபுரத்தின் அடிநிலைக்கு. முடிந்திருந்தால் எவ்வளவு உயரம் போயிருக்கும் என்பதை அந்த நிலைக்கால்களே சொல்லும்.

விளக்குத்தூணில் ஜிகர்தண்டா. குடித்துவிட்டு ஜவுளிக் கடைகளுக்கு இடையே ஒரு சந்தில் நுழைந்தோம். பத்துத்தூண். ஒரு வீட்டு உயரத்தைத் தாண்டிய பத்து கருங்கல் தூண்கள், கூரை இல்லாமல், துணி மூட்டைகளுக்கு நடுவில் நிற்கின்றன. திருமலை நாயக்கர் அரண்மனையின் ரங்கவிலாசப் பகுதியில் மிஞ்சியவை. முதல் நாள் காலை அவர்கள் பார்த்த மகால், 1636இல் கட்டியதில் கிட்டத்தட்ட கால் பங்கு. பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது பெரும்பகுதியைப் பிரித்துக்கொண்டு போனார். எஞ்சியதை 19ஆம் நூற்றாண்டில் சென்னை ஆளுநர் நேப்பியர் செப்பனிட வைத்தார். முதல் நாள் மகால் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு "பெரிய ஹால்" என்று மட்டும் சொன்ன தோழி, பத்துத்தூணிலிருந்து மகால் வரை நடந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு தூரமுமா அரண்மனை?" என்று நின்றுவிட்டாள். வரிசை மாறினால் அதே கட்டடம் வேறாகத் தெரிகிறது. மகாலைத் தனியாகப் பார்க்காதீர்கள், பத்துத்தூணிலிருந்து நடந்து போய்ப் பாருங்கள்.

மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர மொழி கேட்கும். நெசவும் சாயமும் அவர்கள் தொழில். சுங்குடிச் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. துணியில் நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுத்தால் முடிச்சுக்குள் இருந்த இடம் புள்ளியாக நிற்கும். கடைகளில் இப்போது அச்சடித்த சுங்குடிதான் அதிகம். கைமுடிச்சுச் சேலையில் புள்ளியைத் தடவினால் துணி சற்றுக் குமிழ்ந்து சுருங்கியிருப்பது விரலுக்குத் தெரியும். விலை அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு பெண்ணின் கை போட்ட முடிச்சு, பேரம் பேசுமுன் அதை நினைக்க வேண்டும். மாமியார் இரண்டு எடுத்தார். தெருமுனையில் முள்முருங்கை வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள், இட்லிப் பொடி தூவி. அது மாலையில் மட்டும் கிடைப்பது.

விட்டவையும் அடுத்த முறைக்கான மாற்றமும்

திருப்பரங்குன்றம், அழகர்கோயில், தமுக்கம் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகம், மாட்டுத்தாவணிப் பூச்சந்தை ஆகிய நான்கையும் விட்டோம். முதல் இரண்டைப் பற்றி வருத்தம் இல்லை, அவை தனித்தனியே அரை நாள் கேட்பவை. காந்தி விஷயத்தில் ஒரு சிறு ஈடு செய்தோம். 1921 செப்டம்பர் 22 அன்று அவர் சட்டையை விட்டு அரையாடைக்கு மாறியது மேல மாசி வீதி வீட்டில். அறைக்குத் திரும்பும் வழியில் அந்தக் கட்டடத்தின் முன் நின்றோம், இப்போது அங்கே கதர்க் கடை. பூச்சந்தையை விட்டதுதான் இழப்பு. மதுரை மல்லி கிலோக் கணக்கில் கைமாறுவதைக் காலையில் பார்க்க வேண்டும். சனிக்கிழமை விடியலைத் தூங்காமல் பயன்படுத்தியிருந்தால் அதற்கு இடம் இருந்தது.

ஆகவே இதே இரண்டு நாளை மறுபடி போடச் சொன்னால், சனி காலை ரயிலிலிருந்து இறங்கிக் குளித்ததும் பூச்சந்தை, மதியம் கீழடி, மாலை தெப்பக்குளம், இரவு கோயில் என்று வைப்பேன். ஞாயிறு நடந்தபடியே இருக்கட்டும். தையும் மாசியும் இதற்குத் தோதான மாதங்கள். முதல்முறை வருகிறவர்களைச் சித்திரைத் திருவிழாவுக்கு வரச் சொல்ல மாட்டேன். மீனாட்சி கல்யாணம், மாசி வீதிகளில் தேர், அழகர் ஆற்றில் இறங்குவது எல்லாம் பேரானந்தம், ஆனால் அந்த நாட்களில் திருவிழாவைத்தான் பார்க்க முடியும், ஊரைப் பார்க்க முடியாது. ஊரைத் தெரிந்துகொண்ட பிறகு திருவிழாவுக்கு வந்தால் அதன் முழு அருமையும் கிடைக்கும்.

ரயில் நிலையத்தில் மாமியார் கேட்டது வெள்ளிக்கிழமை ஊஞ்சலைப் பற்றி. குளக்கரையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் சொல்லியிருக்கிறார். வெள்ளி மாலைகளில் அம்மனும் சுவாமியும் பொற்றாமரைக் குளத்தை ஒட்டிய ஊஞ்சல் மண்டபத்தில் எழுந்தருள்வார்கள், ஓதுவார் பாடுவார். அதைப் பார்க்க வேண்டுமென்றால் வியாழன் இரவே பாண்டியன் ஏற வேண்டும் அம்மா, வெள்ளி ஒரு நாள் லீவு போடச் சொல்லுங்கள் என்றேன். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் அப்போதே செல்பேசியில் நாட்காட்டியைத் திறந்து தை மாதத்து வெள்ளிக்கிழமைகளைத் தேடத் தொடங்கியிருந்தாள்.